பச்சை வட்டத்தில் ப்ரியம்வதா

கொண்டாப்பூர்,
ஹைதராபாத்.
ஜூன் 28, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய அஸ்வினி அக்கா அவர்களுக்கு,

ப்ரியம்வதாவின் வகுப்பு ஆசிரியை பானு வணக்கத்துடன் எழுதுவது. ஜெர்மனியில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் மகள் நலம். தினேஷ் சாரைத் தினமும் காலையில் வாசலில் பார்க்கிறேன். குழந்தையை இறக்கி விட்டுவிட்டு அலுவலகத்துக்கு விரைவார். அவரும் நலமே.

பள்ளிச் செயலியில் தினமும் வரும் 'நன்றாகச் சாப்பிட்டாள், மகிழ்ச்சியாக இருந்தாள்' என்ற இரண்டு வரி உங்களுக்குப் போதவில்லை என்றும், மாதம் ஒரு முறை தமிழில், கையால் ஒரு கடிதம் எழுத முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆசிரியைகள் பெற்றோருடன் தனியாகப் பேசக் கூடாது என்பது இங்கே விதி. நீங்கள் தொலைவில் இருப்பதால் பள்ளியை நடத்தும் ரமணி மேடம் ஒத்துக்கொண்டார். எழுதியதை முதலில் அவரிடம் காட்டிவிட்டு, படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். மூன்று தலைமுறையாக இந்த ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவர்களுடையது. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், ஆனால் ஒரு வரி விடாமல் வாசிப்பார்.

எனக்கும் எழுதுவதுதான் வசதி. பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்றால் சொல்ல வந்தது எனக்கு மறந்துவிடும். எங்கள் ஆயா நாகம்மா, "பேச வாயில்ல, எழுத மட்டும் பத்து கை" என்று என்னைக் கேலி செய்வார். செகந்திராபாத்தில் தமிழர்கள் நடுவில் வளர்ந்தவர், நம் மொழியில் கேலி நன்றாக வரும்.

வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். கட்டடத்தின் அடித்தளத்தில், இங்கே எல்லாரும் செல்லார் என்று சொல்லும் இடத்தில், பாதியைச் சுவர் வைத்துப் பிரித்து எங்கள் அறை இருக்கிறது. மறு பாதியில் கார்கள் நிற்கின்றன. நான்கு வயதுக் குழந்தைகள் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் தரையில் ஒரு வண்ண வட்டம் ஒட்டியிருக்கிறோம். ப்ரியம்வதாவுடையது பச்சை. வந்ததும் அவரவர் வட்டத்தில் உட்கார வேண்டும், பெயர் சொல்லி அழைக்கும்வரை எழக் கூடாது. மதியம் கிளம்பும்போது உடை அழுக்காகாத குழந்தைக்குப் புறங்கையில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவோம். பள்ளி திறந்த நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் அதை வாங்குவது உங்கள் மகள் மட்டும்தான். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுக்க அவை ஒட்டியிருப்பதாக தினேஷ் சார் சொன்னார்.

அவள் சமர்த்து. அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் உள்ளதை எழுதச் சொல்லியிருப்பதால் இதையும் எழுதுகிறேன். போன வாரம் அவளுடைய தண்ணீர் பாட்டிலின் மூடி இறுகிவிட்டது. மற்ற குழந்தைகள் என்றால் பல்லால் கடிப்பார்கள், தரையில் தட்டுவார்கள், என் துப்பட்டாவை இழுப்பார்கள். இவள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம்வரை அவள் ஒரு மிடறும் குடிக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏன் கேட்கவில்லை என்றேன். நீங்கள் கூப்பிடவில்லையே என்றாள்.

பின்பக்கம் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு துண்டு நிலம் இருக்கிறது. எங்கள் அறையின் பின்கதவைத் திறந்து ஒன்பது படி ஏறினால் அங்கே போகலாம். கட்டட வேலை செய்தவர்கள் செம்மண் குவியல், செங்கற்கள், இரண்டு பழைய டயர், ஒரு பலகை எல்லாவற்றையும் அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். அவற்றை அள்ளிப் போட வேண்டாம், குழந்தைகள் விளையாடட்டும் என்று மேடத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பெற்றோர் கையெழுத்து இருந்தால் சரி என்றார். இப்போது தினமும் முக்கால் மணி நேரம் அங்கே போகிறோம். நாகம்மாவும் நானும் கை எட்டும் தூரத்தில் நிற்போம், ஆனால் எட்டிப் பிடிக்க மாட்டோம்.

இரண்டு வாரத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். ஷ்யாம் என்ற பையன் எதைப் பார்த்தாலும் குதிப்பவன், சுவரில் மோதுபவன். முதல் நாள் குவியலின் உச்சியிலிருந்து உருண்டு விழுந்து அழுதான். மறுநாள் ஒரு காலை நீட்டி மண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறினான். இப்போது எங்கே வழுக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்வதே அவன்தான். சௌம்யா பசையைத் தொட்டாலே அலறுவாள். அவள் இன்று முழங்கைவரை சேற்றில் விட்டுக் குழைக்கிறாள், பென்சிலையும் அழுத்திப் பிடிக்கிறாள். பலகையைத் தூக்க நான்கு பேர் வேண்டும் என்று அவர்களே கண்டுபிடித்து, யார் எங்கே பிடிப்பது என்று சண்டை போட்டு, பிறகு தூக்குகிறார்கள். என் பட்டயப் படிப்பில் இதற்கெல்லாம் நீளமான பெயர்கள் உண்டு. நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

பதினோரு பெற்றோர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நீங்கள் 'விருப்பமில்லை' என்ற கட்டத்தில் குறியிட்டிருக்கிறீர்கள். அதனால் அந்த முக்கால் மணி நேரமும் ப்ரியம்வதா கீழே தன் வட்டத்தில் இருக்கிறாள். நாகம்மாவோ நானோ மாறி மாறி அவளோடு இருக்கிறோம். பின்கதவுக்கு மூன்றடி தள்ளித்தான் அவள் வட்டம். மேலேயிருந்து வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

முடிந்தால் ஒரு முறை யோசித்துப் பாருங்கள் அக்கா. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
பானு


ஜூலை 26, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய அஸ்வினி அக்கா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நீண்ட பதில் கிடைத்தது. இரண்டு முறை வாசித்தேன்.

ப்ரியம்வதா பதினொரு மாதக் குழந்தையாக இருந்தபோது கிருமித் தொற்றால் ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததை எழுதியிருந்தீர்கள். 'இப்போதும் நான் அவளைக் கைபேசியின் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறேன், பார்க்கிற வரைக்கும் அவள் சுத்தமாக இருக்கட்டும்' என்றும் எழுதியிருந்தீர்கள். தெரியாமல் வற்புறுத்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பற்றி இனி நானாகக் கேட்க மாட்டேன்.

நீங்கள் சொன்னபடி அவள் வட்டத்தை இடம் மாற்றிவிட்டேன். சேற்றுக் காலோடு வரும் குழந்தைகள் பின்கதவு வழியாக அவளை உரசிக்கொண்டு போவதைச் செயலியில் தெரியும் வகுப்புக் கேமராவில் பார்த்ததாகச் சொன்னீர்கள். இப்போது அவள் அறையின் நடுவில், கேமராவுக்கு நேர் கீழே இருக்கிறாள். காலையில் ட்ராமில் அலுவலகம் போகும்போது அவளைப் பார்த்துக்கொண்டே போவதாக எழுதியிருந்தீர்கள். இனி முகம் தெளிவாகத் தெரியும்.

அவள் ஆரோக்கியமாக இருக்கிறாள். இந்த மாதம் சளிகூட இல்லை. எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது.

ஒரு சின்ன விஷயம் மட்டும். பதினைந்தாம் தேதி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் சரிந்தன. ஷ்யாம் தட்டிவிட்டான். அவை ப்ரியம்வதா பக்கமாகச் சாய்வதை எல்லாரும் பார்த்தோம். குழந்தைகள் கத்திக்கொண்டு சிதறினார்கள். அவள் ஓடவில்லை, கையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். நான் இழுத்துவிட்டேன், ஒரு கீறலும் இல்லை. ஆனால் அந்த முகம் எனக்கு மறக்க மாட்டேன் என்கிறது. பயந்த முகம் அல்ல அக்கா. ஊசி போட வருபவர்களுக்குக் கையை நீட்டிக் காத்திருக்கும் குழந்தைகளின் முகம் இருக்குமே, அது.

அதன் பிறகு கவனிக்கிறேன். எறும்பு ஏறினால் தட்டிவிடுவதில்லை, என்னைக் கூப்பிடுவாள். பக்கத்தில் யாராவது தண்ணீரைக் கொட்டினால் ஈரம் தன்னை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் நகர்ந்துகொள் என்றால் உடனே நகர்வாள். சொல்ல ஒருவர் இருக்கும்வரை அவளுக்கு எந்தக் குறையும் இல்லை.

உங்களை மீறி ஒன்றும் செய்ய மாட்டேன். அறையிலேயே, சுத்தமான விரிப்பின் மேல், தலையணைகளை அடுக்கி ஏறி இறங்கப் பழக்கலாமா என்று மட்டும் கேட்கிறேன். விழுந்தாலும் தலையணையில்தான் விழுவாள். விழட்டும் என்பதற்காகத்தான் கேட்கிறேன்.

மழை தொடங்கிவிட்டது. அறைச் சுவர்களுக்குப் புதிதாக நீல வண்ணம் அடித்திருக்கிறோம், தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை. காலணி அடுக்கையும் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம். அறை பார்க்க அழகாக இருக்கிறது.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பானு


ஆகஸ்ட் 13, புதன்கிழமை

மதிப்பிற்குரிய அஸ்வினி அக்கா அவர்களுக்கு,

வணக்கம். இன்று ஹைதராபாத்தில் பெய்த மழையைப் பற்றிச் செய்திகளில் பார்த்துக் கவலைப்படுவீர்கள் என்று மேடம் உடனே எழுதச் சொன்னார். ப்ரியம்வதா நலம். மழையில் கொஞ்சம் நனைந்தாள், உடை மாற்றிவிட்டோம். தினேஷ் சார் இரண்டு மணிக்கு வந்து அழைத்துப் போனார். வேறு ஒன்றுமில்லை.

விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

பானு


ஆகஸ்ட் 16, சனிக்கிழமை

அன்புள்ள அஸ்வினி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ரமணி மேடம் பார்க்கவில்லை. பார்த்தால் அனுப்ப விடமாட்டார். தினேஷ் சாரின் கைபேசி எண் என்னிடம் இல்லை. நேற்று சுதந்திர தின விடுமுறை, இன்று பள்ளி இல்லை. அதனால் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு வாசியுங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குழந்தை உயிரோடு, காயமில்லாமல் இருக்கிறாள்.

புதன்கிழமை நான் எழுதியது உண்மையல்ல. அன்று மாலை உங்களிடமிருந்து வந்த பதிலை வாசித்த பிறகுதான் என்னால் தாங்க முடியவில்லை. 'ஊரே மழையில் தவிக்கிறது, என் மகள் புத்தர் சிலை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள், ட்ராமில் அரை மணி நேரம் அவளையே பார்த்துக்கொண்டு போனேன், மனசுக்கு அமைதியாக இருந்தது' என்று எழுதியிருந்தீர்கள்.

அக்கா, நீங்கள் பார்த்தது நின்றுபோன படம். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு இங்கே மின்சாரம் போய்விட்டது. கேமரா கடைசியாக அனுப்பிய படத்தைச் செயலி அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மேடத்தின் கைபேசியிலும் அதே படம்தான். மற்ற குழந்தைகளின் பெற்றோர் சந்தேகப்பட்டு அழைத்தார்கள், ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய பிள்ளைகள் படத்தில் உறைந்திருந்தார்கள். நீங்கள் சந்தேகப்பட வழியில்லை. உங்கள் மகள் எந்த நாளிலும் அப்படித்தான் இருப்பாள்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று பதினொன்றேகாலுக்கு மழை வலுத்ததும் மண்ணில் இருந்த பிள்ளைகளைக் கீழே கூட்டிவந்துவிட்டோம். நாகம்மா ஈரத் துண்டுகளை உலர்த்த மேலே போனார். தினமும் நாங்கள் ஏற்ற வேண்டிய பதினொன்றரை மணிப் படங்கள் செயலிக்கு வரவில்லை, பெற்றோர் கேட்கிறார்கள் என்று மேடம் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். போகும் முன் பன்னிரண்டு பேரையும் வட்டத்தில் உட்கார வைத்து, "நான் வர்ற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனேன். சொன்னது நான்தான். நான்கு வயதுப் பிள்ளைகளைத் தனியே விடலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். விடக் கூடாது. ஆனால் இங்கே எல்லாருக்கும் அப்படி ஒரு பழக்கம் ஆகிவிட்டது. கேமரா இருக்கிறதே, யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்களே என்று நினைத்துக்கொள்வோம்.

படங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது விளக்கு அணைந்தது. வெளியே காவலாளி கத்தினார். பக்கத்தில் ஓடும் நாலா, அந்த மழைநீர்க் கால்வாய், நிரம்பி, தெருவிலிருந்து தண்ணீர் கார்ச் சரிவு வழியாகச் செல்லாருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கப் படியில் கீழே ஓடினேன். கதவு உள்பக்கம் திறப்பது. ஏதோ மிதந்து வந்து அதன் பின்னால் அடைத்துக்கொண்டிருந்தது. தோளால் இடித்தும் அசையவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது.

பின்படியில் குழந்தைகள் இருந்தார்கள். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, குவியலில் ஏறும்போது செய்வது போலவே, வரிசையாக மேலே வந்துகொண்டிருந்தார்கள். சௌம்யா முன்னால். அழுதுகொண்டே ஏறினாள், ஆனால் ஏறினாள். ஷ்யாம் கடைசியில் நின்று ஒவ்வொருவருக்கும் எந்தப் படியில் கால் வைக்க வேண்டும் என்று அதட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் வந்ததும் காலை விட்டு ஆழம் பார்த்தது அவன். பின்கதவின் தாழ்ப்பாளை எட்ட டயர் வேண்டும் என்று யாரோ சொல்ல, டயர் மேலே இருந்ததால் நாற்காலியை இழுத்து வந்து ஏறித் திறந்தது இன்னொரு பிள்ளை. இதையெல்லாம் அவர்கள் பிறகு என்னிடம் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். யாரும் எழக் கூடாது என்று நான் சொன்னதை அந்தப் பதினோரு பேரும் மீறியிருந்தார்கள்.

எண்ணிப் பார்த்தேன். ப்ரியா எங்கே என்றேன். ஷ்யாம் படியில் நின்றபடி, "ஹம் புலாயே மிஸ், உனே நை ஆயி" என்றான். கூப்பிட்டோம், அவள்தான் வரவில்லை என்று.

உள்ளே இருட்டு. தண்ணீர் எனக்குத் தொடைக்குக் கீழே இருந்தது. அவள் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள் அக்கா. சம்மணமிட்டு, முதுகை நிமிர்த்தி. தண்ணீர் அவள் மார்புக்கு மேல் வந்துவிட்டது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்தாள், சட்டையின் கை நனையாமல் இருக்க. நான் தூக்கியபோது என் கழுத்தைக் கட்டிக்கொள்ளவில்லை. கைகள் அப்படியே மேலேதான் இருந்தன. என் காதருகே சொன்னாள்.

"மிஸ், நான் எந்திரிக்கவே இல்ல. அம்மா பாத்தாங்களா?"

பெருமையாகச் சொன்னாள் அக்கா. குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது, ஆனால் பெருமையாகத்தான் சொன்னாள்.

நான் மேலே ஏறி வந்து சில நிமிடங்களில் அந்த அறையில் தண்ணீர் என் இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது.

பெற்றோருக்கு மேடம் அனுப்பிய செய்தியில் 'கனமழையால் முன்னதாக விடுமுறை, குழந்தைகள் மழையை மிகவும் ரசித்தார்கள்' என்று இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எதற்குப் பீதி கிளப்ப வேண்டும் என்று எங்களிடம் சொன்னார். நான் அங்கே நின்றுகொண்டுதான் இருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. தினேஷ் சார் வந்து, மழையில் ஆட்டம் போட்டாயா என்று மகளைக் கேட்டுச் சிரித்தபோதும் பேசவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார், அவள் கடைசியில் ஒரு நாளாவது நனைந்தாளே என்று.

ஜூலைக் கடிதத்தில் நீல வண்ணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு அடுத்து எழுதிய இரண்டு வரியை மேடம் எடுக்கச் சொன்னார். போன வருடமும் அந்த அறைக்குள் தண்ணீர் வந்திருக்கிறது. இந்த இடமே ஏரியாக இருந்தது, செருவுக்கு, அதாவது ஏரிக்கு, வழி மறக்காது என்று நாகம்மா பள்ளி திறந்த முதல் வாரமே சொன்னார். சுவரில் இருந்த கறையை மறைக்கத்தான் வண்ணம். அந்த வரிகளை நான் எடுத்தேன். 'அழகாக இருக்கிறது' என்று மாற்றி எழுதியதும் நான்தான். அவள் வட்டத்தைப் பின்கதவின் பக்கத்திலிருந்து உரித்து நடுவில் ஒட்டியதும் என் கைதான். உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த ஒன்பது நாளைப் பார்த்த எந்தத் தாயும் அதைத்தான் கேட்டிருப்பாள். நான் அவளை எதிரில் வைத்துப் பார்த்தவள். எனக்குத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை கீழ் அறையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்ததால் தரைத்தளத்தில் வகுப்பு நடந்தது. அங்கே வட்டங்கள் இல்லை. சுதந்திர தினத்துக்காக எல்லாரும் வெள்ளை உடையில் வந்து, கொடிகளை ஆட்டிக்கொண்டு கண்டபடி ஓடினார்கள். ப்ரியம்வதா வாசற்படியில் நின்றாள். உட்கார இடம் யாரும் காட்டாததால் நின்றுகொண்டேயிருந்தாள். நான் குழந்தைகளுக்குக் கொடி குத்திக்கொண்டிருந்ததில் அரை மணி நேரம் கவனிக்கவில்லை.

பிறகு ஒன்று செய்தேன். உங்கள் அனுமதி இல்லாமல் செய்தேன், அதற்காக என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அவளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், மழையில் கரைந்து தாழ்ந்திருந்த செம்மண் முன்னால் இறக்கி விட்டேன். மண்ணில் கால் வை என்று சொல்லவில்லை. அவள் கால் விரல்களை மடக்கிக்கொண்டு நின்றாள். தலையைத் தூக்கிச் சுவர்களில், மரத்தில், தகரக் கூரையில் தேடினாள். எதைத் தேடுகிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. கேமராவைத் தேடியிருக்கிறாள். இல்லை என்று தெரிந்ததும் என்னிடம், அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. தெரியாது என்றேன். உடனே திரும்பி நடந்து, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அவ்வளவு பலம் அவளுக்கு இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பலத்தை அவள் தண்ணீரில் பயன்படுத்தவில்லை.

அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். என் சொல்லோ அவள் அப்பாவின் சொல்லோ போதாது. அவளை அங்கே உட்கார வைத்திருப்பது உங்கள் பார்வை. நீங்கள் சொன்னால்தான் எழுந்திருப்பாள்.

மண்ணில் விளையாடினால் கிருமி வரும் என்று பயந்தீர்கள். வரலாம், முழங்கால் சிராயலாம், இருமலாம். மற்ற பதினோரு பேருக்கும் வந்தது, போனது. இரண்டு மாதம் வழுக்கி, விழுந்து, பலகைக்குச் சண்டை போட்டதில் அவர்களுக்கு ஒன்று தெரிந்துவிட்டது. பெரியவர்கள் சொன்னது ஒன்றாகவும் காலுக்குக் கீழே இருப்பது வேறாகவும் இருந்தால், காலை நம்ப வேண்டும் என்று. அதை என்னால் கரும்பலகையில் எழுதிச் சொல்லித்தர முடியாது.

திங்கட்கிழமை அந்த அறையை மறுபடி திறக்கிறார்கள். இன்று காலை போய்ப் பார்த்தேன். மின்விசிறி போட்டுச் சுவரை உலர்த்துகிறார்கள், வண்ண டப்பாக்கள் வந்திருக்கின்றன. இந்த முறை இடுப்பு உயரம்வரை அடிக்கப் போகிறார்கள். பின்பக்க மண்ணை அள்ளிப் போக லாரி சொல்லியாயிற்று. சேறு செல்லாருக்குள் வந்ததற்கு அந்தக் குவியல்தான் காரணம் என்று மேடம் கட்டடச் சங்கத்தில் சொல்லியிருக்கிறார். பின்கதவுக்குப் பூட்டும் போடுகிறார்கள், பிள்ளைகள் தாங்களாகத் திறந்தது ஆபத்து என்று. எனக்குத் திங்கள் முதல் கைக்குழந்தைகள் அறை. இவர்களுக்குப் புதிதாக ஒரு மிஸ் வருகிறார். நல்ல பெண்ணாகத் தெரிகிறார். வட்டங்களை எப்படி ஒட்டுவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டினார். அவருக்கு இது முதல் வேலை. நாகம்மாவையும் மேலே மாற்றிவிட்டார்கள்.

மற்ற பெற்றோர்களுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நாளை நானும் நாகம்மாவும் நேரில் போகிறோம். எனக்குப் பேச வராவிட்டால் அவர் பேசுவார். உங்களுக்கு மட்டும் முதலில் எழுதினேன், ஏனென்றால் பூட்டிய கதவைக் கண்டால் மற்ற பதினோரு பேரும் கத்துவார்கள், உதைப்பார்கள். கத்தாத ஒரு குழந்தை அந்த அறையில் இருக்கிறாள்.

இதை வாசித்ததும் தினேஷ் சாரிடம் பேசுங்கள். பிறகு அவளிடம் பேசுங்கள். படத்தில் பார்க்காமல், குரலில் பேசினால் நல்லது. அம்மா பார்க்காவிட்டாலும், மிஸ் கூப்பிடாவிட்டாலும், உடை என்ன ஆனாலும், எழுந்து ஓடலாம் என்று சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் நம்ப மாட்டாள். அவள் உங்களிடம் திருப்பிக் கேட்பாள். கேட்கும்போதெல்லாம் சலிக்காமல் அதையே சொல்லுங்கள்.

திங்கட்கிழமையும் மழை இருக்கிறது என்கிறார்கள். நான் எட்டரை மணிக்கு வாசலில் நிற்பேன். எல்லா நாளும் தினேஷ் சாரின் கார் வரும் திசையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன். அன்று மட்டும் அது வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டு நிற்பேன் அக்கா.

உங்கள் மகள் தீர்க்காயுசோடு இருக்க வேண்டும்.

பானு